மறுப்பு வராத புத்தகம்

சுரினாம், மொரீசியஸ்
29 ஆகஸ்ட் 1954, ஞாயிறு

என் கண்ணான மகன் நீலமேகத்துக்கு அம்மா அலமேலு ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பதாக உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்பாவுக்குக் கரும்பு வெட்டுக்காலம் தொடங்கிவிட்டது, விடிகிறபோது ஆலைக்குப் போனால் சாயங்காலம் உடம்பெல்லாம் பாகு வாசனையோடு வருகிறார். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. மதராஸில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய், மோர் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பட்டினி மட்டும் கிடக்காதே. பக்கத்து வீட்டு ஜினெட் வாரம் தவறாமல் உன்னை விசாரிக்கிறாள், அவளுடைய மகன் ஆன்றி போர்ட் லூயி துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

மூன்று கடிதத்திலும் நீ ஒரே கேள்வி கேட்டிருக்கிறாய், அனுப்பிய புத்தகத்தைப் படித்தாயா என்று. வந்து சேர்ந்தது என்று மட்டும் எழுதிவிட்டு நான் சும்மா இருந்ததற்குக் கோபம் காரணமில்லை கண்ணு. படித்தேன், இரண்டு தடவை படித்தேன், இரண்டும் ஊர் கேட்கப் படித்தேன். நடக்கிறது எல்லாம் முடியட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் நான் தமிழில் புராணம் படித்து, இந்த ஊர்ப் பேச்சான கிரியோலில் அர்த்தம் சொல்வது உனக்குத் தெரியும், இப்போது இருபது பெண்கள் வருகிறார்கள். உன் பொட்டலம் வந்த வாரம் அது. பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தாய், பெயர் போட்ட தாளைக் காணோம், சுங்கத்தில் கேட்பார்கள் என்று நீயே கிழித்தாயோ என்னவோ. உள்ளே கேள்வியும் பதிலுமாக இருந்தது. கடவுள் யார், உலகம் எப்படி உண்டாயிற்று என்று தொடங்கியதும், என் அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த சைவ வினாவிடை போல ஒன்று என்று நினைத்து, என் பிள்ளை மதராஸிலிருந்து அனுப்பியது என்று பெருமையாகச் சொல்லி எல்லார் முன்னாலும் விரித்துவிட்டேன். நாலாவது கேள்வி, கடவுளைக் கண்டவர் உண்டா? இல்லை என்று பதில். நான் பயப்படவில்லை. நம் சமய நூல்களில் எதிராளியின் கட்சியை முதலில் முழுசாகச் சொல்லிவிட்டு அப்புறம்தானே மறுப்பார்கள், மறுப்பு அடுத்த பக்கத்தில் வரும் என்று பெண்களுக்கும் சொல்லிவிட்டு மேலே படித்தேன். பத்துப் பக்கம் போயிற்று, மறுப்பு வரவில்லை. எழுந்து போவார்கள் என்று பார்த்தால் ஒருத்தியும் அசையவில்லை. புராணம் படிக்கிறபோது தூணில் சாய்ந்து தூங்குகிற வீரம்மா கூட நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தாதேக்கா, அப்புறம் என்ன சொல்றான் என்கிறாள்.

அப்போதுதான் அந்த இடம் வந்தது, உனக்கு நினைவிருக்கும். காய்ச்சல் எதனால் வருகிறது? கொசுவால். அப்படியானால் பிள்ளையைக் கோபித்துக் கொல்கிற தெய்வம் எங்கே இருக்கிறது? அப்படிச் சொன்னவர் வாயில். தமிழில் படித்துவிட்டேன், கிரியோலில் சொல்ல வாய் வரவில்லை. எதிரே பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். நம் பின்வரிசை வீட்டுப் பாக்கியம்தான், கரும்பில் களை எடுக்கப் போகிறவள். அவளுடைய பெண்குழந்தை மூன்று வயதில் காய்ச்சலில் போனபோது உனக்குப் பதினாலு வயது, வீடு வீடாகக் கொசு மருந்து அடிக்கிறவர்கள் வருவதற்கு முந்தின காலம். அதற்கு முன் வருஷம் அவள் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, காப்புக் கட்டி, பத்து நாள் விரதம் இருந்து, மிதிக்கிற அன்றைக்குப் பார்த்துப் பெண்களுக்கு வருகிற தடை வந்து குழியில் இறங்காமல் நின்றுவிட்டாள். குழந்தையை எடுத்துப்போன அன்று அவளைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்வதாக நினைத்து, அம்மனுக்கு நேர்ந்ததை முடிச்சுடு பாக்கியம், அடுத்ததாவது தங்கும் என்று சொன்னது யார் தெரியுமா? உன் அம்மாதான். அன்று முதல் ஏழு வருஷம் அவள் தீ மிதித்தாள். அடுத்தது என்று ஒன்று வரவே இல்லை.

என்ன சொல்லுது, என்ன சொல்லுது என்று பெண்கள் கேட்டார்கள். அது ஒன்றுமில்லை என்று புத்தகத்தை மூடிவிட்டேன். இத்தனை வருஷமாக அர்த்தம் சொல்கிறேன், ஒரு வரியை மறைத்தது அன்றைக்குத்தான். அதற்குள் கோயில் தலைவர் அப்பாசாமி ஐயா யாரோ சொல்லக் கேட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, சாமி இல்லேங்கிற புஸ்தகத்தைச் சாமி முன்னாடியே படிக்கிறியா என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனி கூடத்தில் நான் படிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்வானேன். கோயிலில் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு என்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை, காப்பி வேண்டாம் என்றாள். கடைசியா ஒண்ணு படிச்சியே, அதுக்கு மட்டும் அர்த்தம் சொல்லலே, இப்பச் சொல்லு என்றாள். புத்தகம் என்னிடம் இல்லை என்று தப்பித்திருக்கலாம், ஆனால் அந்த வரி எனக்கு மனப்பாடமாகி இரண்டு நாளாகச் சாப்பிடவிடாமல் செய்துகொண்டிருந்தது. சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல் கிரியோலில் சொன்னேன். அவள் வாசலைப் பார்த்தபடி, நீதானேக்கா அன்னைக்குச் சொன்னே என்றாள். ஆமாம், நான்தான் சொன்னேன், தெரியாமல் சொன்னேன், என்னை மன்னிச்சுடு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போ என்னாலே இல்லையா, என்னாலே இல்லையா என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டு அழுதாள். சத்தம் கேட்டு ஓடி வந்த ஜினெட், விஷயம் தெரிந்ததும், எங்க பாதிரியார் இந்த மாதிரிப் புத்தகத்தைத் தொடவே விடமாட்டார் என்றாள். பிறகு பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆனா இதை அவர்கிட்டே நான் கேட்கப்போறேன் என்றாள்.

இனிமேல் நடந்தது உனக்குச் சிரிப்பாக இருக்கும். புத்தகத்தைக் கண்டிக்க வேண்டும் என்று கோயில் கமிட்டி கூடியது. ஐந்து ஆண்கள், அப்பாவும் அதில் ஒருவர். கண்டிப்பதற்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டாமா, ஐந்து பேரில் ஒருவருக்கும் தமிழ் ஓடாது. தேவாரத்தையே பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள். கடைசியில் என்னையே கூப்பிட்டு அனுப்பினார்கள். இரண்டு ஞாயிறு உட்கார்ந்து முதலிலிருந்து முடிவுவரை படித்து அர்த்தம் சொன்னேன், இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. அந்த வரி வந்ததும், இதில் சொல்லியிருக்கிற வாய் என் வாய்தான் என்று பாக்கியத்தின் கதையையும் சொன்னேன். அப்பாசாமி ஐயா, அதெல்லாம் இருக்கட்டும், உனக்குச் சாமி உண்டா இல்லையா, அதைச் சொல்லு என்றார். உண்டு ஐயா, ஆனா பாக்கியத்தோட பிள்ளையை எடுத்தது அது இல்லே, இனிமே கூடத்திலே உட்கார்ந்து படிச்சா இதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன் என்றேன். கூட்டத்தில் வாயே திறக்காத உன் அப்பா, முழுசாப் படிச்சவ அவ ஒருத்திதான், படிக்காத நாம அஞ்சு பேரு தீர்ப்புச் சொல்றதா என்றார். முப்பது வருஷத்தில் எனக்காக அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். இந்தப் புத்தகம் கோயிலுக்குள் வரக்கூடாது, நான் பழையபடி புராணம் படிக்கலாம் என்று முடிந்தது. வெளியே வந்ததும் அப்பாசாமி ஐயா தனியாகக் கூப்பிட்டு, கோயில் நடத்துறவங்களைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கானா என்று கேட்டார். ஒரு பகுதி முழுக்க இருக்கு ஐயா, அதைக் கொஞ்சம் வேகமாப் படிச்சுட்டேன் என்றேன். அவரே சிரித்துவிட்டார், புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டார்.

போன வாரம் தீமிதி நடந்தது. பாக்கியம் இந்த வருஷம் காப்புக் கட்டவில்லை. மாமியார் திட்டினாளாம், இவள் பதில் பேசவில்லையாம். வரமாட்டாள் என்று நினைத்தேன், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றாள். குழியில் நெருப்பைப் பரப்பினதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா, சூடு இங்கே வரைக்கும் வருது, ஏழு வருஷம் எனக்குத் தெரியவே இல்லே என்றாள். நான் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டேன். அவளும் கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகையால் கண்ணு, நீ கேட்டதற்குப் பதில் இது. புத்தகம் என் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போகவில்லை, அதிலிருந்த ஒரு கெட்ட சாமானை எடுத்துக்கொண்டு போயிற்று, அதற்கு உனக்கு நன்றி. ஆனால் எழுதியவர் மேல் எனக்கு ஒரு வருத்தம். கும்பிடுகிற பெண்களைப் பார்த்து அவர் ரொம்பச் சிரிக்கிறார். பாக்கியத்தின் எதிரே உட்கார்ந்து அதைப் படித்திருந்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்காது. பாக்கியமும் அதையே சொல்கிறாள், தம்பியை இன்னொண்ணு அனுப்பச் சொல்லு, சிரிக்காதவன் எழுதினதா அனுப்பச் சொல்லு என்று.

நான் படித்துவிட்டேன், இனி உன் முறை. என் அப்பா தன் கையால் சாமி மேல் பாட்டெழுதி உரையும் எழுதி வைத்த நோட்டை இதோடு அனுப்புகிறேன், ஒன்றுதான் இருக்கிறது, நனையாமல் வைத்துக்கொள். உன் பாட்டியைப் பறிகொடுத்த வருஷம் அவர் எழுதியது. உனக்குக் கடவுள் இல்லை என்பது எனக்குத் தெரியும், அதற்காக நீ எனக்கு ஒரு துளியும் குறைந்துவிடவில்லை. அம்மன் உன்னைக் காப்பாள் என்று எழுதினால் சிரிப்பாய், சிரித்துக்கொள், எழுதாமல் விட எனக்குக் கை வராது. படிப்பில் முதலாவதாக வா, நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு, நல்ல மனசுள்ள பெண்ணாகப் பார். நோட்டை மட்டும் தனியாக மூலையில் உட்கார்ந்து புரட்டிவிட்டு வைத்துவிடாதே. உன் சிநேகிதர்களை உட்காரவைத்து வாய்விட்டுப் படி, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஏதாவது ஓரிடத்தில் உனக்குக் குரல் தடுமாறினால், அது எந்த இடம் என்று எனக்கு எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா அலமேலு