பின்வளவுக்கு ஒரு பேரிமரம்

ஒக்ரோபர் 3, 2024 வியாழன்

மூன்றாவது தடவை மருந்து ஏற்றினார்கள். இந்தமுறை யன்னலோரக் கதிரை கிடைத்தது. ஆஸ்பத்திரி முற்றத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டி வளர்த்த ஒரு பேரிமரம், பக்கத்தில் சிவப்பு றோசா. தாதி யன்னலைத் திறந்ததும் வாசம் வந்தது. கிழமைக்கணக்காக மருந்து நெடி மட்டும் ஏறிய மூக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் மனுசன் பேனாட்டிடம் சொன்னேன், "இஞ்சாருங்கோ, பின்வளவுச் சீமெந்தை உடையுங்கோ. ஒரு பேரியும் ஒரு றோசாவும் வைக்கவேணும்." "ஓம்" என்றார். ஆர்ஜொந்தெயில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து கேட்கிறேன். "காரை உன்ரை தலையிலையோ விடுறது?" என்று பாய்கிற மனுசன். இன்றைக்கு வெறும் ஓம்.

இவருக்கு என்ன நடந்தது?

ஒக்ரோபர் 8

சென் தெனிச் சந்தையில் கேட்டேன். தொட்டியில் றோசா நிறைய இருக்கிறது, முகர்ந்தால் ஒன்றுமில்லை. பேரிக்கன்றில் "பேரி" என்று மட்டும் துண்டு தொங்குகிறது. என்ன இனம் என்றால் விற்கிறவன் தோளைக் குலுக்குகிறான்.

சுகயீன லீவில் நின்றாலும் நான் வேலை செய்கிற லா சப்பல் கடைக்கும் ஒருக்கால் போனேன். சிவாஜினிதான் இப்போது என் இடத்தில் காசு வாங்குகிறாள். "மலரக்கா, சந்தையிலை அலையாதேங்கோ. பழமரமும் றோசாவும் மட்டும் வளர்த்து விக்கிற பெப்பினியேர் இருக்கு" என்று, பஜோல் தெருக் கோயில் மாலைக்குப் பூக் கொடுக்கிறவரிடம் நம்பர் வாங்கித் தந்தாள். ஒர்லியான் பக்கமாம்.

ஒக்ரோபர் 12 சனி

றொஷானிதான் பெப்பினியேருக்கு ஃபோன் எடுத்தாள். ஆஸ்பத்திரியிலும் என் மகள்தான் எனக்கு வாய். டொக்டர் பத்து நிமிசம் கதைப்பார். இவள் திரும்பி, "மருந்து வேலை செய்யுதாம் அம்மா, பொறுமையா இருக்கட்டாம்" என்பாள். அவ்வளவுதான்.

கதைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழும்பி வெளி நடைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தினால் கேளாதோ? டொக்டர்மாரின் பிரெஞ்சுதான் எனக்குப் பிடிபடாது. இது வீட்டுப் பிரெஞ்சு.

"இல்லை மதாம், ஐந்து வருசம் ஏலாது. அடுத்த கோடையே காய்க்கிற மரம் வேணும். அம்மாவுக்கு அவ்வளவு காலம் இல்லை."

சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள். "பெரிய மரமாத் தருவினமாம் அம்மா! அடுத்த வருசமே காய்க்குமாம்."

"நல்லது பிள்ளை" எண்டன்.

ஒக்ரோபர் 13

பூசைக்குப் போகேல்லை. மாதாவோடையும் கோவம்.

ஒக்ரோபர் 15

என்ன நியாயம் இது? மரக்கண்டு விக்கிறவளுக்குத் தெரியும். சாகப்போறவளுக்குத் தெரியாது! நான் என்ன பச்சைப்பிள்ளையே?

பேனாட்டைப் பிடித்துக் கிழிக்கிறதெண்டுதான் பின்பக்கம் போனன். சீமெந்தை உடைச்சுக்கொண்டு நிண்டார். சுத்தியல் விழேக்கை எல்லாம் வாய்விட்டு அழுறார், சத்தம் கேளாதெண்டு. முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. திரும்பி வந்து தேத்தண்ணிக்கு வைச்சன். வேறை என்ன செய்ய?

அவளிலையும் கோவிக்க ஏலாது. இந்த வயசிலை தாய்க்குச் சாவை மொழிபெயர்க்கிற வேலையை நாங்கள்தானே அவளுக்குக் குடுத்தனாங்கள்.

ஒக்ரோபர் 21

இரண்டுபேரும் வேலைக்குப் போனபிறகு பெப்பினியேருக்கு நானே ஃபோன் எடுத்தேன். இவ்வளவு காலமும் விலையும் சில்லறையும் கதைத்த பிரெஞ்சு.

"பெரிய மரம் வேண்டாம் மதாம். ஒரு வருசக் கன்று தாங்கோ. எப்ப காய்க்கும்?"

நாலைந்து வருசம் செல்லும் என்றாள். பிறகு மெதுவாக, "உங்கள் மகள் சொன்னவ..." என்று இழுத்தாள்.

"அவள் சொன்னது தெரியும். மரம் அவளுக்கு."

வாசமுள்ள றோசா இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். இந்தக் குளிருக்குள் நட்டால் வருகிற யூனிலேயே பூக்குமாம். அது எனக்கு என்றேன். வரும்போது இரண்டிலும் இலை இருக்காது, வெறும் தடிதான், பயப்படாதேங்கோ என்றாள். நல்ல மனுசி.

நவம்பர் 2

செத்தவர்களின் திருநாள். படுத்தே கிடந்தேன்.

நவம்பர் 29 வெள்ளி

பெட்டி வந்தது. றொஷானி பிரித்தாள். விரல்மொத்தத்தில் ஒரு தடி, முள்ளோடு இன்னொரு தடி. "அம்மா, பிழையா அனுப்பிப்போட்டினம்! பொறுங்கோ, ஃபோன் எடுக்கிறன்."

"பிழை இல்லை. நான்தான் மாத்தினனான்."

"இது காய்க்க ஐஞ்சு வருசமெல்லோ?"

"ஓம். எனக்குத் தெரியும் பிள்ளை. அண்டைக்கு நீ ஃபோனிலை கதைச்சதைக் கேட்டனான்."

ஃபோனைக் கையில் பிடித்தபடியே குசினி நிலத்தில் இருந்துவிட்டாள். என்னோடு சண்டையும் பிரெஞ்சில் பிடிக்கிறவள், "அம்மா, அம்மா" என்று தமிழில் அழுதாள். பேனாட் மண்கையோடு வாசலில் நின்றார். நட்டுப்போட்டு மூன்றுபேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

டிசம்பர் 5 வியாழன்

டொக்டர் வாய் திறக்க முதலே சொல்லிவிட்டேன், "றொஷானி, ஒரு சொல்லும் விடாதை."

அவர் பத்து நிமிசம் கதைத்தார். அவளும் பத்து நிமிசம் சொன்னாள், என் கையை விடாமல். ஓரிடத்தில் நிறுத்தினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொன்னாள்.

அவர் சொன்ன கணக்கில் யூன் மாதம் இல்லை.

வீட்டுக்கு வந்து, கோட்டும் கழற்றாமல் பின்வளவுக்குப் போனேன். றோசாத் தடிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்: "நீ கொஞ்சம் கெதியாப் பூக்கப் பார்."