கப்டன்மாரின் இரண்டு திகதிகள்

இஞ்சேருங்கோ, என் அன்பானவரே,

நீங்கள் போய் இரண்டாவது குளிர்காலமும் முடிந்துவிட்டது. சுகம் விசாரிக்க எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

அகல்யாவைக் கட்டாய இராணுவ சேவைக்கு எடுத்துவிட்டார்கள். அதுவும் கடற்படைக்கு. வருகிற திங்கட்கிழமை காலை ஒஸ்லோவிலிருந்து ஸ்டவாங்கருக்குப் பயிற்சிக்கு ரயில் ஏறுகிறாள். இந்த நாட்டில் பெண்பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள் என்று நான் அந்த நாளிலேயே சொன்னேன். "எங்கடை பிள்ளையையே தேடி வரப்போகினம்?" என்று சிரித்தீர்கள். தேடி வரவில்லைதான். செஷூன் என்று உடம்பையும் மனதையும் சோதிக்கிற நாளில் இவளே கடற்படை வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ரஷ்யா என்ன செய்யுமோ என்று செய்தியில் தினமும் கதைக்கிற காலத்தில் கேட்கிற கேள்வியா அது?

பழியை உங்கள் மேல்தான் போடுகிறேன். ஒஸ்லோவில் எங்கள் குரோருட் பக்கத்தில் மற்ற வீட்டு ஆண்கள் வேலை முடிந்து வந்து கிரிக்கெட் பார்த்தார்கள். நீங்கள் பஸ் ஓட்டிவிட்டு வந்து, ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலின் சரித்திரத்தைக் கொப்பியில் எழுதினீர்கள். லைட் குரூசர் என்று திருத்துவீர்கள். எனக்கு எல்லாம் போர்க்கப்பல்தான். உங்கள் அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் அதற்குப் பெயின்ற் அடித்தவர், அதனால் வந்த பைத்தியம். யுத்தத்தில் அது நோர்வேயின் வடக்கே, ரஷ்யாவுக்குச் சரக்கு ஏற்றிப்போன கப்பல்களுக்குக் காவலாக ஓடியது. பிறகு கிழக்கே வந்தது, திருகோணமலையில் நின்றது, கடைசியில் இரும்புக்காக உடைத்தார்கள். "எனக்கு முந்தியே அது நோர்வேக்கு வந்திட்டுது" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னீர்கள். மகளும் கேட்டுக்கொண்டுதானே வளர்ந்தாள்?

எனக்கு நேவி என்றால் வேறு. ஊரில் சண்டைக் காலத்தில், இரவில் கடல்நீரேரியைக் கடந்த வள்ளத்தின் அடித்தட்டில், தேங்கிய தண்ணீரில் முகத்தை வைத்துப் படுத்துக் கிடந்தவள் நான். இலங்கை நேவிப் படகின் எஞ்சின் சத்தம் கிட்ட வந்து தூரப் போனதை இன்றும் காது மறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கொப்பியைத் திறந்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கப்டன்மாரின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு திகதிகள். எங்கள் சனத்துக்குப் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு திகதி என்றால் வேறென்ன அர்த்தம்? ஒருவரும் இரண்டு வருடம் தாண்டவில்லை. உடனே அகல்யாவின் சின்ன வயது ஆஸ்துமாக் கடிதத்தைத் தேடி எடுத்து, படைக்கு அனுப்ப உறையில் வைத்தேன். அவளுக்குத் தெரியாமல்தான்.

வேலையால் வந்தவள் மேசையில் அதைக் கண்டுவிட்டாள்.

"அம்மா, இது ஆருக்கு?"

நான் கொப்பியை முன்னால் தள்ளினேன். "பார். இந்தக் கப்பலுக்குப் போன ஒருத்தரும் மிஞ்சேல்லை."

சிரிப்பாள் என்று நினைத்தேன். கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள். "அம்மா, இது மரண அறிவித்தல் இல்லை. முதல் திகதி கப்பலைப் பொறுப்பெடுத்தது. மற்றது அடுத்த ஆளிட்டைக் குடுத்திட்டுப் போனது."

"அப்ப ஒருத்தரும் சாகேல்லையோ?"

நீங்கள் என்றால் 'இல்லை' என்று சொல்லியிருப்பீர்கள். அவள் விரலை வைத்து மெல்ல வாசித்தாள்.

"மூண்டாவது ஆள் செத்தவர். இஞ்சை, நோர்வேயின்ரை வடக்குக் கடலிலைதான். அப்பா ஓரத்திலை சின்னனாய் எழுதி வச்சிருக்கிறார்." பிறகு உறையைத் தொட்டாள். "ஆஸ்துமாவை நான் செஷூனிலையே சொல்லிட்டன். இப்ப இல்லையெண்டு பாத்துத்தான் எடுத்தவை."

"உனக்குப் பயமில்லையே, பிள்ளை?"

"பயம்தான். இரவிலை நித்திரையும் இல்லை. உங்களுக்குச் சொன்னால் தாங்க மாட்டியள் எண்டுதான் சொல்லேல்லை."

அந்தச் சொல் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? நீங்களும் அப்படித்தானே செய்தீர்கள். உங்களுக்கு ஒரு மாதமாக நெஞ்சு நொந்திருக்கிறது. நான் பயந்துவிடுவேன் என்று "வாயு" என்று சொல்லிக்கொண்டு பஸ் ஓட்டினீர்கள். வைத்தியரிடம் சொன்னதை வைத்தியர்தான் எனக்குச் சொன்னார், நீங்கள் போன பிறகு. உங்களில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் நான் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள்?

கடிதத்தை உறையிலிருந்து எடுத்துப் பழைய கோப்பில் வைத்துவிட்டேன். கிழிக்கவில்லை, அவ்வளவு தைரியம் வரவில்லை. பயமும் போகவில்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் அங்கிருந்து போன் எடுத்து "அம்மா, பயமாயிருக்கு" என்று சொன்னால், ஐயோ என்று கத்த மாட்டேன். போனை வைக்கவும் மாட்டேன். கடைசிச் சொல் வரைக்கும் கேட்பேன். நான் தாங்குவேன் என்று அவளாவது நம்பட்டும்.

உங்களிடம் கேட்கத் தவறிய
உங்கள் மனைவி, அகல்யாவின் அம்மா