லாரி என்று எழுதிய நாற்பத்தொரு கோடுகள்

அன்புள்ள பர்யாத்திக்கு,

நான் நலம். உன் அம்மாவும் உடம்புக்கு நலம். பள்ளிக்கூட முகாமில் ஜன்னலோரமாக ஒரு பாய் கிடைத்திருக்கிறது. பசுக்களில் இரண்டைப் பக்கத்து வீட்டார் இறக்கிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

போனில் நான் சொன்னது பொய். வர்தோயோ மேற்குச் சரிவு முகாமில் இல்லை. எந்த முகாமிலும் இல்லை. ஒன்பது நாளாகிறது. தேடுபவர்கள் நேற்றோடு நிறுத்திவிட்டார்கள். சாம்பல் இன்னும் பூட்ஸின் அடியை உருக்குகிறதாம். உன் தம்பி இனி வரமாட்டான். இந்த ஒரு வரிக்கு நான்கு தாளைக் கிழித்தேன்.

இதுவரை மலை செய்தது. இனி நான் செய்தது.

நீ ஊரில் இருந்த காலத்தில் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்துக்குச் சோறு கொண்டுவரும்போது ஊசியைப் பார்த்து, மலைக்கு விக்கலா என்று கேட்பாய். அந்த விக்கல்கள்தான் எங்கள் வேலை. யார் காலுக்கும் தெரியாத சின்ன அதிர்வுகள். உருளையில் சுற்றிய தாளில் ஊசி கீறும். எண்ணி நகரத்துக்கு அனுப்புவோம். நாளுக்கு ஐந்து என்றால் மலை தூங்குகிறது. ஐம்பது என்றால் ஆட்களை இறக்க வேண்டும்.

ஆற்றில் மணல் ஏற்ற வரும் லாரிகளும் அதே ஊசியை ஆட்டும். விடியலில் அவை வரிசையாக ஏறும்போது கோடு மெல்லப் பருத்து மெல்ல இளைக்கும். பக்கத்தில் பென்சிலால் ‘லாரி’ என்று எழுதி, எண்ணாமல் விட்டுவிடுவோம். நான்கு வருடமாக. கை தானாகவே எழுதும்.

பெருநாளன்று, லாரி ஓட்டும் கஸ்னோ குடும்பத்தோடு நிலையத்துக்கு வந்தான், பெருநாள் வழக்கப்படி மன்னிப்புக் கேட்க. கூடவே ஒரு கிண்டல்: “நாலு நாள் லீவு சார். உங்க காகிதத்த அழுக்காக்க ஆளில்ல. நிம்மதியா இருங்க.” சிரித்தோம். அவன் மனைவி தென்னை ஓலையில் வேகவைத்த சோறு கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தாளைப் பார்த்தேன். விடியலிலிருந்து நாற்பத்தொரு கோடுகள். மெல்லப் பருத்து, மெல்ல இளைத்தவை. நாற்பத்தொன்றுக்கும் ‘லாரி’ என்று எழுதினேன்.

ஜன்னல் திறந்திருந்தது. சாலையில் ஒரு இன்ஜின் சத்தம்கூட இல்லை. அந்த அமைதி என் காதில் விழுந்தது, பர்யாத்தி. நல்ல காலை என்று நினைத்தேன்.

அப்போதுதான் வாக்கிடாக்கியில் தம்பி வந்தான். மேலே போகிற எல்லோரும் எங்களைக் கேட்டுவிட்டுத்தானே போவார்கள். கீழே புல் காய்ந்துவிட்டது, கன்று போட்ட பசுவுக்குப் பச்சை வேண்டும், இரண்டு கட்டு அறுத்துக்கொண்டு மதியத்துக்குள் இறங்கிவிடுவேன் என்றான்.

“என்ன மாமா, உங்க மலை எந்திரிச்சிடுச்சா, இல்ல பெருநாள் சோத்தத் தின்னுட்டுக் குறட்டை விடுதா?”

“ஒண்ணுமில்லடா. லாரிதான். போய்ட்டு வா.”

“பெருநாளைக்குமா ஓட்டுறானுங்க? பாவம்.”

அவன் கேட்டான். புல் அறுக்கப் போகிறவன் கேட்டுவிட்டான். படித்தவன், சம்பளம் வாங்குகிறவன், நான் கேட்கவில்லை. அவன் சொன்னதற்குச் சிரித்துவிட்டு டீ போடப் போனேன்.

பத்து நாற்பதுக்கு ஊசி தாளின் விளிம்பைத் தொட்டது. அபாயச் சங்கை ஒலிக்கவிட்டேன். வாக்கிடாக்கியில் கத்தினேன். ஒரே ஒரு முறை பதில் வந்தது.

“கேக்குது மாமா. ரெண்டாவது கட்டு கட்டிட்டிருக்கேன். இந்தா வந்துட்டேன்.”

அவசரம் இல்லாத குரல். காலையில் நான் கொடுத்த தைரியம் அது.

கீழ் ஊர் முழுக்கத் தப்பியது. அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது, சரியான நேரத்தில் சங்கை ஒலிக்கவிட்டேனாம். அன்றைய தாளைக் கேட்டார்கள். சாம்பலில் போய்விட்டது என்றேன். என் பைக்குள் இருந்தது. நேற்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி வெகுநேரம் பார்த்தார். யாராயிருந்தாலும் லாரி என்றுதான் எழுதியிருப்பார்கள் என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டிலிருந்த இன்னொரு வாக்கிடாக்கி அவள் மடியிலேயே இருக்கிறது. தினமும் காலையில் அதை என்னிடம் நீட்டி, “சார்ஜ் போட்டுக் குடுங்க மாப்ள, அவன் கூப்பிட்டா கேக்கணும்” என்கிறாள். போட்டுக் கொடுக்கிறேன். எனக்குத் தட்டில் சோறு வைக்கிறாள். சாப்பிடுகிறேன்.

நீ வா. தைவானில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, விடுவார்கள். நீ பக்கத்தில் இருக்கும்போது அம்மாவிடம் சொல்கிறேன். அதற்குப் பிறகு என்னைப் போகச் சொன்னால் போகிறேன்.

பெருநாளன்று போனில் நீ வழக்கப்படி, அறிந்தும் அறியாமலும் செய்ததற்கு மன்னித்துவிடு என்றாய். நானும் அதையே சொன்னேன். கேட்பதற்கு அன்று எதுவும் இல்லை, எளிதாக வந்தது. இப்போது பேனா அந்தச் சொல்லருகே போய் நின்றுவிடுகிறது.

ஒன்று மட்டும். அங்கே மேசைமேல் கோப்பை ஆடியது, பயமாக இருந்தது என்று போன மாதம் எழுதியிருந்தாய். சின்ன ஆட்டம்தான், ஒன்றுமில்லை என்று பதில் போட்டேன். அதை நம்பாதே. கோப்பை ஆடினால் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடு. நான் என்ன சொல்லியிருந்தாலும் வந்துவிடு.

உன் காலடித் தரை அசையாதிருக்கட்டும்.

பிரமுஜி