ஆற்றங்கரைக் கதவுகள்

அன்பு மனைவிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.
1. நான் நலம்.
2. என் கட்டடக்கலை மாணவர்களுக்குப் பரிசு கிடைத்தது.
3. ஆற்றங்கரையில் அவர்கள் கட்டிய மண்டபம், குப்பையில் கிடந்த பழைய கதவுகளால் ஆனது.

எடுக்க வேண்டிய கதவுகளில் சுண்ணக்கட்டியால் குறியிட்டவன் நான்தான்.

பரிசளிப்பின்போது ஒரு பெண் வந்து ஒரு கதவைத் தட்டினாள்.

"சார், இது என் வீட்டுச் சுவரு. வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டீங்களே!"

"கண்காட்சி முடியட்டும்மா, தந்துடறோம்" என்றார் எங்கள் துறைப் பேராசிரியர்.

"அதுவரைக்கும் இங்கேயே குடி வந்துடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தக் கதவில் இருந்த என் சுண்ணக்குறியைப் பார்த்தேன்.

இங்கே குளிர் கடுமை. போர்வை இரண்டு அனுப்பு, ஒன்று அந்தப் பெண்ணுக்கு. என் முகவரியை உன் கையாலேயே எழுது, உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. மூன்றாவதாக எழுதியது தவறு. அந்தக் கதவுகள் குப்பையில் கிடக்கவில்லை, வீடாக நின்றன.