காப்புக் கட்டிய வீட்டில் டைகரின் கண்

4 ஏப்ரல் 83, திங்கள்
விடிய விடிய மழை. வீட்டுக்காரிக்கு மரம் வெட்டு, பால் எடுப்பு இரண்டும் இல்லை. டைகருக்கு வலது கண்ணில் நீலமாய் ஒரு படலம். வைத்த சோறு வைத்தபடி. முள் குத்தியிருக்கும் என்கிறாள் வீட்டுக்காரி. கவலை அவளுக்குத்தான். இருட்டோடு ரப்பர் காட்டில் அவளுக்கு முன்னால் நடக்கிற நாய். போன வருடம் இரண்டு பாம்பை மடக்கியது. எனக்கு ஜெலாப்பாங் பேக்டரியில் வேலை. துணைக்குப் போக முடியாது.

5, செவ்வாய்
அரை நாள் லீவு. ஈப்போ, மிருக டாக்டர். மலாய்க்காரர், பொறுமைசாலி. காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். புழுவாய் நெளிகிறது, சீ. கடிக்கிற ஈ கொண்டுவருமாம். நோய் ரத்தத்தில், கண்ணில் தெரிவது அதன் புகைதான் என்றார். மஞ்சள் மருந்து ஊசி. அடுத்த செவ்வாய் மறு ஊசி. கண் தெளிந்தாலும் வரணும் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

8, வெள்ளி
கண் தெளிந்துவிட்டது. சோறு காலி. வாலும் ஆடுகிறது. வீட்டுக்காரி இதற்காக மாரியம்மனுக்குத் தீ மிதிக்க நேர்ந்திருந்தாளாம். இன்று கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். இனி எனக்கும் மரக்கறிதான்.

12, செவ்வாய்
வெயில். சண்டை. காப்புக் கட்டிய வீட்டில் ரத்தம் சிந்தக் கூடாது என்று பூசாரி அண்ணன் சொன்னாராம். ஊசி குத்தினால் ரத்தம் வருமாம்.
"ஆத்தா குடுத்த கண்ணுங்க. காப்பு அவுக்கிற வரைக்கும் பொறுங்களேன். ஊசி எங்கயும் ஓடிப் போயிராதுலா."
சாமி விஷயத்தில் அவளிடம் வாதாடி ஜெயித்தவன் இந்த லயத்து வரிசை வீடுகளில் இல்லை. வேலைக்குப் போய்விட்டேன்.

17, ஞாயிறு
இரண்டு கண்ணும் வெள்ளை. ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. மூக்கு வழியாக ரத்தம், வாசலெல்லாம். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய் மரம் வெட்டும் கத்தியை எடுத்துத் தன் கையாலேயே காப்பை அறுத்துப் போட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

18, திங்கள்
ஊசி. உயிர் நிற்கும், கண் திரும்பாது என்றார் டாக்டர். திட்டியிருந்தால் தேவலை. லயத்தில் பேச்சு வேறு: காப்பை அறுத்தவளுக்கு ஆத்தா குடுத்த கூலியாம். கண் போனது அதற்கு முந்தி என்று யாரிடம் போய்ச் சொல்ல.

22, வெள்ளி
தூறல். டைகர் சோறு தின்கிறது. வீட்டுக்காரி வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டு எழுந்தது. வாசல் நிலையில் முட்டிக்கொண்டது. திரும்பவும் முட்டியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.
"விட்றாதீங்க. நான் தடியத் தட்டிக்கிட்டே போயிக்கிறேன்."
காட்டுக்குள் நுழையும் வரைக்கும் தட்டும் சத்தம் கேட்டது. அதுவரை காதை விடைத்துக்கொண்டு நின்ற நாய், சத்தம் நின்றதும் ஊளையிட ஆரம்பித்துவிட்டது.