கல்வளைவில் ஒரு விரிசல்

ஜூன் 4
காலை முழுவதும் பள்ளி வாசலின் கல்வளைவில் ஏணி போட்டு நின்றேன். ‘கல்விக்குக் கைகொடுத்த ஊராருக்கு’ என்று செதுக்கிய எழுத்துகளுக்கு மேலே விரிசல். குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டினேன். கல் நகர்ந்தால் சில்லு உடைந்து காட்டிக்கொடுக்கும். சில்லின் மேல் தேதி எழுதவேண்டும். நகராட்சிப் பொறியாளராகப் பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். மார்க்கர் காரில் இருந்தது. இறங்கி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விட்டுவிட்டேன்.

அக்காவின் கணவர்தான் தலைமையாசிரியர். கீழே நின்று, “எங்க போனாலும் உனக்கு விரிசல்தாம்மா கண்ணுல படும்” என்றார் அத்தான்.

ஜூன் 11
சில்லு முழுசாக இருக்கிறது.

ஜூன் 18
முழுசு. ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 26, வெள்ளி
பள்ளி வாட்ச்மேன் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: “நம்ம கண்ணாடி ரெண்டு வாட்டி உடைஞ்சுபோச்சு மேடம். உங்க வேலைய யாரும் குறை சொல்லிடக் கூடாதுல்ல? அதே அளவுக்கு வெட்டி ஒட்டிட்டேன்.” முகமெல்லாம் பெருமை. திட்ட வாய் வரவில்லை. தேதி போட்டிருந்தால் சில்லு மாறியது அன்றைக்கே தெரிந்திருக்குமே!

வாசலை மூடச் சொன்னேன். “திங்கக்கிழமை நூற்றாண்டு விழா. நூறு வருஷம் நின்னது மூணு நாள் நிக்காதா? என் மானத்த வாங்காதம்மா” என்றார் அத்தான்.

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

ஜூன் 28
வளைவு விழுந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு. விழாவுக்காக எழுத்துகளைத் துடைக்க ஏறியிருக்கிறார் வாட்ச்மேன். அவர் மேல் கிடந்த கல்லைத் தூக்கக் கிரேன் வரப் பதினொன்று ஆனது. அதற்குள் அவசரம் தீர்ந்துபோயிருந்தது.

இதற்கு மேல் எழுத முடியாது —

ஜூலை 2
விசாரணை அறிக்கையை நான்தான் எழுத வேண்டுமாம். அத்தான் வீட்டுக்கு வந்தார், உட்காரவில்லை. “சில்ல மாத்தினது அவர்தானே? பொய் எழுதச் சொல்லலியே. வெள்ளிக்கிழமை பேசினது நமக்குள்ள இருக்கட்டும்.”

பிறகு அக்கா போனில் அழுதாள். ஒன்றும் கேட்கவில்லை, அழுதாள்.

பொய் இல்லைதான்.

ஜூலை 9
வாட்ச்மேனின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். வீட்டில் கிடந்த பள்ளிச் சாவிக்கொத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியவில்லையாம். வாங்கி வைத்துக்கொண்டேன். கதவுவரை போனவர் திரும்பி, “அவரு ஏதும் தப்புப் பண்ணிட்டாரா மேடம்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்றார்.

“இல்லம்மா” என்றேன்.

அறிக்கை காலையிலேயே போய்விட்டது. அதில் அவர் மாற்றிய சில்லு இருக்கிறது, வெள்ளிக்கிழமை இல்லை.