நேர்காணலில் நான் சொன்ன பதில்

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீங்களா, இல்லை டிவி பார்க்கிற மும்முரத்தில் மறந்துடுறீங்களா? அப்பாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கு? எனக்கு ஒரு குறையும் இல்லை.

பொதுச் சுகாதார மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டேனே, அதுக்கு வீடியோவில் நேர்காணல் நடந்தது. அறைத்தோழி நைட் டியூட்டி முடிச்சுத் தூங்கினதால், விடுதியில் துணி துவைக்கிற அறையில் உட்கார்ந்து பேசினேன். பாதியில் மெஷின் தடதடன்னு ஆட ஆரம்பிச்சது. ஒரு கையால் அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பதில் சொன்னேன், சிரிக்காதீங்க.

ஒரு பேராசிரியர் கேட்டார்: "நீங்க வெளிநாட்டுக்காரங்க. எங்க ஜனங்களோட ஆரோக்கியத்துல உங்களுக்கு என்ன அக்கறை இருக்க முடியும்?"

"வார்டில் தினமும் நான் தொட்டுப் பார்க்கிறது உங்க ஜனங்களைத்தான் சார். காய்ச்சல் யார்கிட்டயும் பாஸ்போர்ட் கேட்டுட்டு வர்றதில்லை"ன்னேன். அவர் முகம் சுண்டிப்போச்சு.

நேற்று பதில் வந்தது, இடம் இல்லைன்னு. "வாயடக்கம் வேணும்டி"ன்னு நீங்க சொல்றது இங்கே வரைக்கும் கேட்குது. இன்னும் இரண்டு கல்லூரிக்குப் போட்டிருக்கேன். அங்கே கேட்டாலும் இதையேதான் சொல்வேன். "நர்ஸுக்கு எதுக்கு மேற்படிப்பு"ன்னு கேட்ட சித்தப்பாகிட்ட, நான் மூட்டை கட்டலைன்னு சொல்லிடுங்க.

ஒரு சின்ன உதவிம்மா. நான் போன் பண்ணும்போது அடுப்பை அணைச்சுட்டு வராதீங்க. குக்கர் அது பாட்டுக்கு விசில் அடிக்கட்டும், நான் கேட்டுக்கிட்டே பேசுறேன்.

ஷிப்டுக்கு நேரமாச்சு, ஓடுறேன்.

உங்க வாயாடி மகள்